கோப்புகளுக்கு எந்தப் பூட்டு?

கணினியைத் திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் கோப்புகளைக் காப்பதில்லை. அது வாசலில் நிற்கும் காவல் மட்டுமே. குறியாக்கம் செய்யப்படாத ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் ஆதார் நகல், வருமான வரிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கும். மடிக்கணினி திருட்டுப் போனாலும், பழுதுபார்க்கக் கொடுத்தாலும் இதே நிலைதான். சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பையாகத் தெரியும்படி தகவலை உருமாற்றி வைப்பதே குறியாக்கம்.

விளம்பரங்களில் ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ என்று வரும் சொல்லைக் கண்டு எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்ற முறையைத்தான் குறிக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்த இந்த முறையை அமெரிக்கா 2001இல் தன் தரநிலையாக ஏற்றது. இன்று இலவச மென்பொருளிலும் விலை கொடுத்து வாங்குவதிலும் இருப்பது இதுவே. ஆகவே, பூட்டின் இரும்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பூட்டைச் செய்தவர் யார், அதை யார் சோதித்தார்கள், இப்போதும் பராமரிக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு ட்ரூகிரிப்ட் நல்ல பாடம். 2004இல் வெளிவந்த அந்த இலவச மென்பொருளை உலகெங்கும் ஏராளமானோர் நம்பிப் பயன்படுத்தினார்கள். எழுதியவர்கள் தங்கள் பெயரை வெளியிடவில்லை. 2014 மே மாதம், இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல, சரிசெய்யப்படாத குறைகள் இருக்கக்கூடும் என்று தங்கள் தளத்தில் எழுதிவிட்டுத் திடீரென விலகிவிட்டார்கள். அதன் நிரல் எல்லோரும் படிக்கக்கூடியதாக இருந்ததால், வெளியார் அதைத் தணிக்கை செய்ய முடிந்தது. 2015இல் முடிந்த அந்தத் தணிக்கையில், வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதுவும் அகப்படவில்லை. ஆனால் அதே ஆண்டு, விண்டோஸில் இயங்கும் அதன் பகுதியில் கடுமையான குறைகள் கண்டறியப்பட்டன. திருத்துவதற்கு ஆள் இல்லாத மென்பொருளில் குறை வெளிப்பட்டால், அது அப்படியே கிடக்கும். அதே நிரலை அடிப்படையாகக் கொண்டு பிரான்ஸில் உருவான வெராகிரிப்ட் அந்தக் குறைகளைத் திருத்தியது. 2016இல் அதற்கும் தனித் தணிக்கை நடந்தது. அதில் தெரியவந்த முக்கியக் குறைகள் அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டன. குறையே இல்லாத மென்பொருளைத் தேடிப் பயனில்லை. குறையை வெளிப்படையாக ஏற்றுத் திருத்துகிறவர்களின் மென்பொருளே நம்பத்தக்கது.

பெரும்பாலானோருக்கு முதல் தேர்வு, கணினியோடு வருவதுதான். மேக் கணினியில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ், விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர். விண்டோஸ் ஹோம் பதிப்பில், வன்பொருள் பொருந்தினால், ‘சாதனக் குறியாக்கம்’ என்ற எளிய வடிவம் இருக்கும். இவை முழு டிஸ்கையும் மறைப்பதால், எந்தக் கோப்பு முக்கியம் என்று தரம்பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. மதர்போர்டு மாற்றினாலோ, கணினியின் தொடக்க அமைப்புகள் மாறினாலோ அது அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உரிமையாளருக்கும் வழியில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்தவர்களுக்குச் சாதனக் குறியாக்கம் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது நல்லது.

சில கோப்புகளை மட்டும் தனியே பூட்ட வெராகிரிப்ட் ஏற்றது. அது டிஸ்கில் பெட்டகம் போன்ற ஒரு பெரிய கோப்பை உண்டாக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் அது புதிய டிரைவாகத் திறக்கும். பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் சாவியாக மாற்ற அது லட்சக்கணக்கான சுற்றுகள் கணக்கிடுகிறது. அதனால் திறக்கச் சில வினாடிகள் பிடிக்கும். அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது: கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்க்கும் திருடனும் ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கீட்டைச் செய்தாக வேண்டும். என்றாலும் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்தவரை இதனால் காப்பாற்ற முடியாது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பது நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும்.

கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்புக்கு இந்தப் பெட்டகம் ஒத்துவராது. உள்ளே ஒரு கடிதத்தைத் திருத்தினாலும் பெரிய கோப்பு முழுவதும் மாறியதாகக் கருதப்பட்டு, மறுபடி மேலேற்றம் தொடங்கக்கூடும். அங்கே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பூட்டும் கிரிப்டோமேட்டர் பொருந்தும். ஒருவருக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு அனுப்ப வேண்டுமென்றால் செவன்-ஜிப் போதும். அதில் ‘ஜிப்’ வடிவத்தைத் தேர்ந்தால் ஜிப்கிரிப்டோ என்ற பழைய, பலவீனமான முறை வந்துவிடும்; ‘செவன்-இசட்’ வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

முழு டிஸ்கையும் மறைக்கும் குறியாக்கம் காப்பது அணைத்து வைத்த கணினியை. திறந்து வேலை செய்யும்போது கோப்புகள் உரிமையாளருக்குத் தெரிவதுபோலவே, உள்ளே புகுந்த வைரஸுக்கும் தெரியும். பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுக்கும் காப்பு நகலையும் அது காப்பதில்லை. குறியாக்கம் செய்த டிஸ்கிலிருந்து நகலெடுத்தாலும், கோப்பு வெளியே போகும்போது பூட்டில்லாமலே போகிறது. காப்பு டிஸ்கையும் தனியே குறியாக்கம் செய்தாக வேண்டும்.