தரையிலிருந்து அடிக்கும் வெயில்!

ஜன்னலோரம் சீட் கிடைத்த அதிர்ஷ்டசாலியா நீங்கள்? மேலே சன்ஷேடு இருக்கிறது. வெயில் நேராக விழவில்லை. அப்படியும் மத்தியானம் கண் கூசுகிறது, சட்டைக் காலர் நனைகிறது. ஏ.ஸி. மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். எட்டிக் கீழே பாருங்கள். ஆசாமி தரையில் இருக்கிறான்!

மேலேர்ந்து வர்ற வெயிலைத்தான் சார் சன்ஷேடு தடுக்கும். கீழே பட்டு எகிறி வர்றதை?

எத்தனை டன் ஏ.ஸி. வேண்டும், கரண்ட் பில் எவ்வளவு ஆகும் என்று அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஜோசியம் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் உண்டு. அமெரிக்க எரிசக்தித் துறையின் 'எனர்ஜிப்ளஸ்' அதில் பிரபலம். 2001-ல் வந்தது, இலவசம். தரை எவ்வளவு வெயிலைத் திருப்பியடிக்கும் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், அதுவே 0.2 என்று போட்டுக்கொள்ளும். அதாவது நூற்றுக்கு இருபது.

1963-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து லியூ, ஜோர்டான் இருவரும் சொன்னதும் இதே 0.2தான். ஆனால் பனி மூடினால் 0.7 என்றார்கள். மின்னசோட்டாக்காரருக்குப் பனியைப் பற்றி யார் பாடம் எடுப்பது!

கணக்கு சுலபம். உச்சி வெயில் தரையில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வையுங்கள். செங்குத்தான ஜன்னல் பாதி வானத்தைப் பார்க்கிறது, பாதி தரையை. எனவே 450. அதில் 0.2 என்றால் 90 வாட். வெளிறிய கான்கிரீட் 0.4 என்றால் 180. பத்து சதுர மீட்டர் கண்ணாடியில் வித்தியாசம் மட்டும் 900 வாட்! முழுசும் உள்ளே வராது. ஆனாலும் வாசலில் ஒரு இஸ்திரிப் பெட்டி காத்திருக்கிறது. பனிக்காலத்தில் வெயில் 400 வாட்டாகச் சுருங்கினாலும், பனித்தரை 140 வாட் அனுப்பிவிடும்.

இன்னொரு கூத்து. சாதாரணக் கணக்கில் தரை என்பது நிழலே விழாத பொட்டல்வெளி. மின்னியாபொலிஸில் குளிர்கால மத்தியானம் கட்டடத்தின் வடக்குப் பக்கம் அதன் சொந்த நிழலிலேயே கிடக்கும். கம்ப்யூட்டரோ அங்கேயும் வெயில் எகிறுவதாகக் கற்பனை செய்து, ஹீட்டர் செலவைக் குறைத்துச் சொல்லும். நிழலையும் சேர்த்துப் பார் என்று கேட்டால் பார்க்கும். நேரம் பிடிக்கும், டீ குடித்துவிட்டு வரலாம்.

2017-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தெருக்களுக்கு வெளிறிய பூச்சு அடித்தார்கள். தார் குளிர்ந்தது, வாஸ்தவம். ஆனால் மத்தியானம் அதில் நடந்தவர் மேல் படும் வெப்பம் கூடியதாக ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். தெருவுக்கு ஏ.ஸி., நடப்பவனுக்கு அடுப்பு!