கூண்டு தரும் காயம்

வீட்டில் வளரும் பாம்புகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் காயங்களில் ஒன்று, அடிவயிற்றுத் தீப்புண். கண்ணாடித் தொட்டிக்குள் பாம்பு குளிர்காய்வதற்காக மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்றை வைத்திருப்பார்கள். அதன்மேல் பாம்பு மணிக்கணக்கில் படுத்திருக்கும். வயிற்றுச் செதில்கள் வெந்துபோகும்வரை அது நகராது. செதில்கள் சிவந்து கொப்புளம் கட்டியிருப்பதை வளர்ப்பவர் பார்ப்பதற்குள் சில நாட்கள் ஓடிவிடும்.

மலைப்பாம்புக்கு இப்படி நேர்வதை முதலில் நம்பவே முடியாது. வெப்பத்தை உணர்வதில் அதை மிஞ்சும் உயிர்கள் மிகச் சில. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு, உலகச் செல்லப்பிராணிச் சந்தையில் மிக அதிகமாக விற்கப்படும் பாம்புகளில் ஒன்று. அதன் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. கும்மிருட்டிலும் எலியின் உடல்சூட்டை அந்தக் குழிகள் தள்ளியிருந்தே கண்டுகொள்ளும். இத்தகைய குழிகளின் நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற புரதம்தான் வெப்ப உணரியாக வேலை செய்கிறது என்று டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 2010இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இவ்வளவு நுட்பமான உறுப்பு இருந்தும் பாம்பு ஏன் சுடும் கல்லைவிட்டு விலகுவதில்லை? முகத்திலுள்ள குழிகள் முக்கியமாக இரை தேடுவதற்கானவை. எவ்வளவு நேரம் குளிர்காய்வது என்பதைத் தீர்மானிப்பது உடலின் உள்வெப்பம். பாம்பு பொதுவாகத் தன் உடல்சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. வெயிலிலோ வெயில் பட்ட பாறையிலோ கிடந்து, உள்ளுறுப்புகள் வரை வேண்டிய சூடு ஏறியதும் நிழலுக்குப் போய்விடும். மின்சாரக் கல்லோ வயிற்றின் ஒரு திட்டை மட்டும் சுடுகிறது. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் உடலின் மற்ற பகுதி குளிராகவே இருக்கும். உள்ளே சூடு போதவில்லை என்று பாம்பு அங்கேயே கிடக்க, கீழே தோல் வெந்துகொண்டிருக்கும். பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான்.

இந்த ஒரு காயத்திலேயே கூண்டின் அடிப்படைச் சிக்கல் தெரிந்துவிடுகிறது. வெளியே வாழும் பாம்பைக் காப்பாற்றுவது அதன் நகர்வு. சூடு மிஞ்சினால் நிழலுக்குப் போகும். தோல் காய்ந்தால் ஈரமான வளைக்குள் நுழையும். ஆபத்து வந்தால் புதருக்குள் மறையும். கூண்டு அந்த நகர்வைச் சில அடிகளுக்குள் அடக்கிவிடுகிறது. பறித்துக்கொண்ட அந்த வாய்ப்புகளை அந்தச் சில அடிகளுக்குள்ளேயே திருப்பித் தருவதுதான் வளர்ப்பவரின் முதல் கடமை.

ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி

கூண்டு முழுவதையும் ஒரே அளவில் சூடாக்குவது பலரும் செய்யும் பிழை. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ள முடியும். பந்து மலைப்பாம்புக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும் குளிர்ந்த முனையில் ஏறக்குறைய 25 டிகிரியும் பொருந்தும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்புக்கு இவை இரண்டும் சில டிகிரி குறைவாக இருக்க வேண்டும். உண்ட இரை செரிக்கவும் சூடு தேவை. உடல் குளிர்ந்துபோனால் விழுங்கியதைப் பாம்பு கக்கிவிடும்.

சூடு தரும் எந்தக் கருவிக்கும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். தொட்டிக்கு அடியில் விரிக்கும் வெப்பத் தகடும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சுட்டுவிடும். பீங்கான் வெப்ப விளக்கின் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டக்கூடியது. அதைத் திறந்தபடி கூண்டுக்குள் தொங்கவிட்டால் பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளும். விளக்கைச் சுற்றிக் கம்பிக் காப்பு வேண்டும். காப்பும் தொட்டால் சுடாத தொலைவில் இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வெப்பமானி அந்த இடத்தின் சூட்டை மட்டுமே காட்டும். பாம்பு படுக்கும் தரையின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் நேராக அளந்து பார்ப்பதே சரி. கண்ணாடித் தொட்டியை ஜன்னலோர வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளே சூடு வேகமாக ஏறும்; தப்ப நிழல் இல்லாத பாம்பு இறந்துவிடும்.

மூக்குத் தேயும் பாம்பு

மூக்கு நுனியில் செதில் தேய்ந்து, தோல் கிழிந்து, புண்ணாவது இன்னொரு பரவலான காயம். வெளியேற வழி தேடும் பாம்பு கம்பி வலையிலும் கண்ணாடி மூலையிலும் முகத்தை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். புண் ஆழமானால் கிருமி நுழையும், வாய்க்குள்ளும் பரவலாம்.

வலையை மாற்றுவது பாதித் தீர்வுதான். பாம்பு ஏன் வெளியேறப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். நான்கு பக்கமும் வெளிச்சம் விழும் கண்ணாடிப் பெட்டியில் மறைய இடமில்லாமல் இருப்பது அதற்கு ஓயாத அச்சம். உடலின் எல்லாப் பக்கமும் எதிலாவது படும்படி சுருண்டு கிடக்கையில்தான் பாம்பு அமைதியடையும். ஆகவே அது நுழைந்து நெருக்கமாகச் சுருளக்கூடிய ஒளிவிடங்கள் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று சூடான முனையில், மற்றொன்று குளிர்ந்த முனையில். சூடான பக்கம் மட்டும் ஒளிவிடம் இருந்தால், வெளியே வர அஞ்சும் பாம்பு சூடு மிஞ்சினாலும் அங்கேயே கிடக்கும். முதலில் சொன்ன தீப்புண்ணுக்கு இதுவும் ஒரு காரணமாகிறது. பின்புறத்தையும் பக்கவாட்டையும் ஒளி புகாதபடி மறைப்பதும் உதவும்.

கூண்டின் நீளமும் முக்கியம். பாம்பு சுருண்டுதான் கிடக்கும், அதற்குச் சிறிய பெட்டியே போதும் என்ற நம்பிக்கை வெகுநாளாக இருந்தது. கிளிஃபோர்டு வார்விக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 65 பாம்புகளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் கவனித்தார்கள். அவற்றில் 24 பாம்புகள் அந்த நேரத்துக்குள் உடலை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ நீட்டின. ஆக, பாம்பு முழு நீளத்துக்கு உடலை நீட்ட இடம் தருவது அதன் இயல்புக்குத் தேவையானது.

உரியாத சட்டை

வளர்ச்சிக்கேற்பப் பாம்பு சட்டை உரிக்கிறது. உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் கண்கள் நீலம் கலந்த சாம்பல் நிறமாக மங்கும். பிறகு தெளியும். அதன்பின் மூக்கு நுனியைச் சொரசொரப்பான எதிலாவது உரசிச் சட்டையைக் கழற்றத் தொடங்கும். நலமான பாம்பின் சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாக வரும்.

காற்றில் ஈரப்பதம் குறைந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வெப்ப விளக்கு காற்றை உலர்த்துவதால் கூண்டில் இது எளிதில் நேர்கிறது. வால் நுனியில் தங்கிய பழைய தோல் காய்ந்து இறுகும். உரிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு வளையம் சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வால் நுனி அழுகிப்போகலாம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் கண்ணாடிபோன்ற ஒற்றைச் செதில் மூடியிருக்கிறது. சட்டையோடு அதன் மேலடுக்கும் கழல வேண்டும். கழலாமல் தங்கிவிட்டால் இடுக்கியால் பிடுங்கக் கூடாது. பழைய அடுக்கோடு புதியதும் பிய்ந்தால் பார்வை போய்விடும். ஈரப்பதத்தைக் கூட்டிக் காத்திருக்கலாம். அடுத்த முறையும் கழலாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈரப்பதம் வேண்டும் என்பதற்காகத் தரை முழுவதையும் நனைத்துவைப்பது வேறொரு காயத்தைக் கொண்டுவரும். ஈரத்திலேயே கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறிக் கொப்புளித்து அழுகத் தொடங்கும். உலர்ந்த தரை, நல்ல காற்றோட்டம், அதோடு ஈரப்பாசி நிரப்பிய மூடிய பெட்டி ஒன்று. இந்த ஏற்பாடு இரண்டு தேவையையும் தீர்க்கிறது. ஈரம் வேண்டும்போது பாம்பே அந்தப் பெட்டிக்குள் போகும்.

இரை கடிக்கும்போது

உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுப் போவது வளர்ப்பவர் செய்யும் மிகக் கொடிய தவறு. பசியில்லாத பாம்பு, சட்டை உரிக்கப்போகும் பாம்பு, உடல் குளிர்ந்த பாம்பு ஆகியவை எலியைத் தாக்காது. எலி தம்மைக் கடித்தாலும் எதிர்க்காமல் கிடக்கும். வெளியில் எலி ஓடிவிடும். கூண்டில் ஓட வழியில்லாத எலி, பசித்தால் பாம்பையே கொறிக்கிறது. கண் இழந்த பாம்புகளையும் முதுகெலும்பு வெளியே தெரியும்படி கொறிக்கப்பட்ட பாம்புகளையும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். எலிக்கும் அது கொடுமையான முடிவு.

வெளிநாடுகளில் உறைநிலையில் வைத்த இறந்த எலிகளை இதற்கென்றே விற்கிறார்கள். நடுப்பகுதிவரை உறைநிலை நீங்கி இளஞ்சூடான பிறகு நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டினால் பெரும்பாலான பாம்புகள் அதை எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். ஒரே கூண்டில் இரண்டு பாம்புகளை வைக்கவும் கூடாது. ஒரே இரையை இரு முனையிலிருந்தும் விழுங்கத் தொடங்கினால் ஒன்று மற்றொன்றையே விழுங்க முயலும்.

சிறிய பொருள், பெரிய காயம்

கூண்டுக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் பாம்பின் உடலை நினைத்துப் பார்த்து வைக்க வேண்டும். மணலின் மேல் அடுக்கிய கனமான கல், பாம்பு அடியில் தோண்டி நுழைந்ததும் சரிந்து நசுக்கும். கல்லை முதலில் அடித்தரையில் அசையாமல் இருத்திய பிறகே மணலைக் கொட்ட வேண்டும். கம்பிகளை மறைக்க ஒட்டும் செல்லோ டேப்பில் பாம்பு சிக்கினால், அதை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சமையல் எண்ணெய் தடவிப் பசையை மெதுவாக இளக்கித்தான் எடுக்க வேண்டும். உள்ளே டேப் ஒட்டாமல் இருப்பதே நல்லது. தேவதாரு மரச்சீவலின் எண்ணெய் ஆவி பாம்புக்குத் தீங்கானது. தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழையும் என்பதால் மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். தப்பிய பாம்பு கதவிடுக்கில் நசுங்கி இறப்பதும் உண்டு.

இருளர்களின் மண்பானை

பாம்பைச் சிறிது காலம் அடைத்துவைக்கும் கலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுப்பதற்காக நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைச் சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலைச் சிறிதே நறுக்கி, மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் பாம்பு இருப்பது மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில்.

பானைக்குள் இருட்டு. சுவர் வழவழப்பானது, மூக்கை உரசும் கம்பி இல்லை. மண்ணும் துணியும் காற்றை விடும். பாம்பு சுருண்டு நெருக்கமாகக் கிடக்கலாம். சில வாரங்களுக்கான ஏற்பாடு அது. ஆண்டுக்கணக்கில் பாம்பு வாழும் கூண்டுக்கு ஈடாகாது. ஆனால் பார்ப்பவரின் கண்ணுக்கு அழகாக இல்லாத ஓர் இடம் பாம்புக்கு எவ்வளவு பொருத்தமாக அமையலாம் என்பதை அது காட்டுகிறது. கண்ணாடித் தொட்டி நாம் பார்த்து மகிழ்வதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பாம்புக்கானதாக மாற்றும் வேலை நம்முடையது.

காயம் பட்டால்

பாம்பு கத்தாது, முகம் சுளிக்காது. வலி அதற்கும் உண்டு, வெளிக்காட்டுவதில்லை, அவ்வளவுதான். அதனால் கண்ணால் தேடித்தான் காயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வயிற்றுச் செதில்கள், மூக்கு நுனி, கண்கள், வால் நுனி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தூக்கும்போது உடல் முழுவதையும் இரு கைகளாலும் தாங்க வேண்டும். கழுத்தையோ வாலையோ மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்பு பாதிக்கப்படும்.

தீப்புண்ணைக் கண்டால் முதலில் வெப்பக் கருவியை அணைத்துவிட வேண்டும். புண்ணில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் படலாம். பனிக்கட்டி, மஞ்சள், பற்பசை எதுவும் கூடாது. மணலையும் மரச்சீவலையும் எடுத்துவிட்டு வெள்ளைத்தாளை விரித்துப் பாம்பை அதன்மேல் விட்டு, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புண்ணின் முழு ஆழம் சில நாள் கழித்தே தெரியவரும். ஊர்வனவற்றின் காயம் ஆற மாதக்கணக்காகும். தழும்பு விழுந்த இடத்தில் பின்னாளில் சட்டை சரியாக உரியாமல் போகலாம்.

பாம்பு வாங்க நினைப்பவர் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள வெளிநாட்டுப் பாம்பை வைத்திருப்பவர் அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும். பந்து மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டப்படி வாங்கினாலும், அது இருபது முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிர். அத்தனை ஆண்டும் அதன் சூடு, ஈரம், மறைவு, இரை என எல்லாமே நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தவை. கூண்டுப் பாம்பின் காயங்களில் மிகப் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. ஒரு தெர்மோஸ்டாட், இரண்டு ஒளிவிடம், ஈரப்பெட்டி ஒன்று, இறந்த இரை, வாரம் ஒருமுறை கவனமான பார்வை. இவற்றை முதல் நாளிலிருந்தே தர முடியாது என்று தோன்றினால், பாம்பை வாங்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் பெரிய நன்மை.