இரண்டு கிலோ எலுமிச்சைக்கு மூன்று கிலோ கட்டணம் ஏன்?

புளியங்குடி எலுமிச்சையை ஆன்லைனில் விற்பவர் பழத்தைத் தராசில் வைத்து, பெட்டியோடு சேர்த்து இரண்டு கிலோ என்று குறிக்கிறார். கூரியர்காரரோ டேப்பை எடுத்து மூன்று பக்கமும் அளக்கிறார். நீளம் 30, அகலம் 25, உயரம் 20 சென்டிமீட்டர். பெருக்கினால் 15,000. அதை 5,000-ஆல் வகுத்தால் மூன்று. கட்டணம் மூன்று கிலோவுக்கு!

இது ஏமாற்று அல்ல. விமானத்திலும் வேனிலும் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் எல்லை உண்டு. பஞ்சு மூட்டைகள் ஏற்றினால் எடை ஏறும் முன்பே இடம் நிரம்பிவிடும். அதனால் பல கூரியர்கள் 5,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிட்டு, தராசு எடை, இந்தப் பரும எடை இரண்டில் அதிகமானதற்குப் பணம் வாங்குகின்றன.

எலுமிச்சை கனமான பழம். ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி. கட்டணத்தை ஏற்றுவது பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான். 25, 20, 16 அளவுள்ள பெட்டிக்கு மாறினால் பரும எடை 1.6 கிலோ, இரண்டு கிலோவுக்குக் கொடுத்தால் போதும்.

ஆனால் துளையில்லாமல் இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். பறித்த பழமும் சுவாசிக்கும், நீராவி விடும். ஈரம் வெளியேறாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நீர் போகப் போக எடையும் குறையும். வாங்குபவர் வீட்டுத் தராசில் சில கிராம் குறைந்தால் காரணம் இதுதான். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள்.