காவலரை மாற்றிய விருந்தாளி

அழையாத விருந்தாளி ஒருவர் உங்கள் உடலில் குடியிருக்கக்கூடும். அவர் பெயர் சைட்டோமெகலோ வைரஸ். சின்னம்மை வைரஸுக்கு உறவினர். எச்சில், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியே பலருக்கு இளமையிலேயே தொற்றிவிடுகிறார். நலமாயிருப்பவருக்கு நோய்க்குறியே தெரியாமல் போகலாம். ஆனால் வந்தவர் வாழ்நாள் முழுதும் வெளியேறமாட்டார்!

இவரை அடக்கி வைப்போரில் முக்கியமானவை 'இயற்கைக் கொல்லி' செல்கள். 1975-ல் ஸ்டாக்ஹோமில் கீஸ்லிங், ஏவா கிளைன், விக்செல் ஆகியோர் சுண்டெலியின் மண்ணீரலில் இவற்றைக் கண்டனர். முன்பயிற்சி ஏதுமின்றியே இவை இரத்தப் புற்றுச் செல்களைக் கொன்றன. அதனால்தான் இப்பெயர். இவற்றுக்குப் 'பழைய பகைவன் நினைவு' கிடையாது என்றே நெடுங்காலம் எண்ணினர்.

அது முழு உண்மையல்ல. எப்படி?

நம் செல்கள் எச்.எல்.ஏ. என்னும் 'அடையாள அட்டை'களை வெளியே காட்டுகின்றன. டி செல்களிடம் அகப்படாதிருக்க, வைரஸ் இந்த அட்டைகளை மறைக்கிறது. அட்டை இல்லையென்றால் கொல்லி செல்கள் பாயுமே! ஆகவே எச்.எல்.ஏ-இ என்ற ஓர் அட்டையில் மட்டும் போலிச் சீட்டை ஒட்டிக் காட்டுகிறது. பல கொல்லி செல்கள் ஏமாந்து திரும்புகின்றன. ஆனால் என்.கே.ஜி.2சி என்ற ஏற்பியை உடைய சில செல்களை அதே போலிச் சீட்டு தூண்டிவிடுகிறது! அவை பெருகுகின்றன.

இவ்வைரஸ் தொற்றியவர்களிடம் இச்செல்கள் மிகுந்திருப்பதை 2004-ல் பார்சிலோனாவில் லோபஸ்-போட்டெட் குழுவினர் கண்டனர். எல்லோரிடமும் அல்ல, சிலரிடமோ கொல்லி செல்களில் பாதிக்கு மேல்! வைரஸ் உறங்கிய பின்னும் அவை நிலைக்கின்றன. 2015-ல் வெளிவந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இச்செல்களில் ஜீன்களின் எழுத்து மாறவில்லை. எந்த ஜீன் இயங்குவது, எது ஓய்வது என்னும் 'சுவிட்சு'களே மாறியிருந்தன. எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லைக் கண்டால் இவை வலுவாகத் தாக்குகின்றன.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கினால் இவ்வைரஸ் செவித்திறனையே பறிக்கக்கூடும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரிடம் உறக்கம் கலைந்து எழுந்து, உயிருக்கே உலை வைக்கலாம். அங்கே காவல் நிற்பவை இச்செல்களும்தான். புற்றுநோயை எதிர்க்கவும் இவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்கிறார்கள்.

காய்ச்சலும் இன்றி வந்த ஒரு விருந்தாளி, நம் காவலரையே மாற்றிவிட்டார் பார்த்தீர்களா!