முகம் தெரியாதவர்களோடு காஞ்சிபுரத்தில் ஒருநாள் சைக்கிள் ட்ரிப்... கடைசியா வர்றவங்களைக் கவனிங்க!

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். 'ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் சைக்கிள் ரைடு. யார் வேணும்னாலும் வரலாம்!' பதினைந்து பேர் தம்ஸ்அப் போட்டிருக்கிறார்கள். அதில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் வேறு டிபார்ட்மென்ட், வேறு காலேஜ், யாரோட ஃபிரெண்டோ. போகலாமா, வேண்டாமா?

தாராளமாகப் போகலாம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர். பெரிய கோயில்கள் ஒன்றிலிருந்து இன்னொன்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சைக்கிளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. நாள் முழுக்கச் சுற்றினாலும் இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. அதனால் தூரம் இங்கே பிரச்னையே இல்லை. கூட வருபவர்களின் வேகம்தான் பிரச்னை.

தமிழக அரசு ப்ளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளைத்தான் பலர் காலேஜ் வரைக்கும் ஓட்டுகிறார்கள். கனமான, கியர் இல்லாத வண்டி. அதன் பக்கத்திலேயே 21 கியர் வண்டி ஒன்று வந்து நிற்கும். கிளம்பி பத்து நிமிடத்தில் குரூப் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்னால் போகிறவர்கள் ஒரு முக்கில் நின்று தண்ணீர் குடித்து, செல்ஃபி எடுத்து, அரட்டை அடித்துக் காத்திருப்பார்கள். பின்னால் வருகிற பொண்ணு மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும், ''ஆ, வந்தாச்சு... கிளம்பலாம்!''

கவனித்தீர்களா? வேகமாகப் போனவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ரெஸ்ட். உண்மையிலேயே ரெஸ்ட் தேவைப்படுகிறவருக்கு ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. தெரிந்த கூட்டம் என்றால், ''டேய், நில்லுங்கடா'' என்று கத்தலாம். முகம் தெரியாதவர்களிடம் அப்படிக் கத்த வாய் வராது. ''நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்'' என்று சொல்லிவிட்டு, அடுத்த ரைடுக்கு அந்தப் பொண்ணு வரவே மாட்டாள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் பிரேக் நேரம் ஆரம்பம். எப்போது கிளம்பலாம் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். குரூப்பிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவர், பஞ்சர் கிட், பம்ப், முதலுதவிப் பையோடு எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். பழகிய சைக்கிள் கிளப்கள் இவரை 'ஸ்வீப்' என்பார்கள். நம்ம ஊரில் நன்றாக ஓட்டுபவர்கள் எல்லாம் முன்னாடிதான் பறப்பார்கள், அது வேற கதை.

புதியவர்களை எப்படிப் பேசவைப்பது? காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூரிடம் ஒரு ஐடியா கடன் வாங்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறையை விரிவாக எழுதிவைத்த ஊர் அது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச்சொல்வார்கள். நீங்கள் துண்டுச்சீட்டும் ஹெல்மெட்டும் வைத்துச் செய்யுங்கள். யார் பெயரோடு யார் பெயர் வருகிறதோ, அந்த இருவரும் நாள் முழுக்க ஜோடி. ஒருவர் கண்ணில் படவில்லை என்றால் மற்றவர் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஃபிரெண்ட்ஸாக இருப்பவர்கள் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டு திரிவதும் இதில் நின்றுவிடும். யாருக்காவது அந்த ஜோடி சங்கடமாக இருந்தால், காரணம் கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஒரு காரணம். பெரும்பாலான கோயில்கள் 12 மணி வாக்கில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பது இன்னொன்று. முதல் நிறுத்தம் கைலாசநாதர் கோயிலாக இருக்கட்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். சுற்றிலும் வரிசையாக 58 சிறு சந்நிதிகள். கருவறையைச் சுற்றிவரும் குறுகலான பாதைக்குள் குனிந்து, தவழ்ந்துதான் போய் வர வேண்டும். அதுவரை 'ஹாய்' மட்டும் சொன்னவர்கள்கூட, அந்தச் சந்திலிருந்து வெளியே வரும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து பிள்ளையார்பாளையம். நெசவாளர் தெருக்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். தறி ஓடுவது வீட்டுக்குள். பதினைந்து பேரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் அவருடைய வேலை நின்றுபோகும், கூலியும் போகும். முன்கூட்டியே அனுமதி கேட்டு, நான்கு நான்கு பேராகப் போங்கள். பாவில் கைவைக்காதீர்கள். கோர்வைச் சேலை ஓடும் தறி கிடைத்தால் அதிர்ஷ்டம். உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஊடு இழைகளால் கோத்துக்கொண்டு போவார்கள். நாடா மூன்று. ஒருவரால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை உட்காரவைத்த காலமும் இந்த ஊருக்கு உண்டு. சேலை விலையைக் கேட்டு வாய் பிளப்பதோடு நிறுத்தாமல், ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

டிபனுக்கு காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் இது வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம். பிறகு வேகவதியைத் தாண்டி திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில். கூட்டமில்லாத இடம், மேற்கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்து கழுத்து வலிக்கும். நடை சாத்துவதற்குள் சின்ன காஞ்சிபுரம் வந்துவிட்டால், வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பார்த்துவிடலாம். 2019-ல் 48 நாள்கள் தரிசனம் தந்த அத்திவரதர் இங்கே குளத்துக்குள்தான் இருக்கிறார். அடுத்து 2059. வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

வீட்டில் என்ன சொல்வது? பொண்ணுங்களுக்கு இதுதான் முதல் மதில். 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் கேலி செய்தும் சைக்கிள் பழகினார்கள். இன்று ''யார் யார் வர்றாங்க?'' என்ற கேள்வி இருக்கிறது. அது நியாயமான கேள்வியும்கூட. எந்த வழி, எத்தனை மணிக்கு எங்கே, ஏற்பாடு செய்யும் இருவரின் நம்பர்... இவற்றை எழுதி முந்தின நாளே பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் லைவ் லொகேஷன் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். எல்லோருடைய நம்பரையும் பொது குரூப்பில் கொட்ட வேண்டாம். கேட்காமல் யார் போட்டோவையும் இன்ஸ்டாவில் போடவும் வேண்டாம்.

டிபன், பஞ்சர் செலவை அன்றைக்கே கணக்கு பார்த்துப் பிரித்துவிடுங்கள். 'அப்புறம் ஜிபே பண்றேன்' என்பது முகம் தெரியாதவர்களிடம் ஒருபோதும் வேலை செய்யாது. ஊர் திரும்பியதும், 'வீட்டுக்கு வந்துட்டேன்' என்று ஒவ்வொருவரும் ஜோடிக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வரவில்லை என்றால் போன் பண்ணிக் கேளுங்கள்.