சருகுச் சத்தம் கேட்ட பிறகு அரையுங்கள்

மீனோ இறைச்சியோ பொரிக்கும் முன் அதில் தூள் பிரட்டி வைப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். பெரும்பாலும் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்போடு அது முடிந்துவிடும். வேலியோரத்துக் கறிவேப்பிலையையும் சேர்த்துப் பாருங்கள், சுவையே வேறு. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணியாற்றும் கிராமமொன்றில், குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஏழு பெண்கள் இந்தப் பிரட்டுத் தூளைச் செய்து விற்கிறார்கள்.

செய்முறை அவர்களுள் மூத்தவரான ஆச்சியுடையது. 2009இல் இடம்பெயர்ந்தபோது அம்மி, உரல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர். அளவுகளை மட்டும் மறக்கவில்லை.

இலையைக் கழுவி, நீர் வடிய உதறி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் குறைந்துவிடும். 2 மேசைக்கரண்டி இலைத்தூளுக்கு மிளகுத்தூளும் வறுத்தரைத்த பெருஞ்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு ஈரத்தை இழுக்கும், அதைச் சமைக்கும்போது சேர்த்தால் போதும்.

முதல் தடவை நாங்கள் செய்த தூள் முழுவதும் பழுதாகிப் போனது. காரணம் நான்தான். கண்காட்சி ஒன்றுக்குக் கொடுக்க வேண்டுமென்று, மாரி மழை நாளில் இலை சரியாகக் காயுமுன்பே அரைக்கச் சொன்னேன்.

"பிள்ளை, கசக்கேக்க சருகு மாதிரிச் சத்தம் வரவேணும். வராட்டி அரைக்காதைங்கோ" என்று ஆச்சி சொன்னவர். நான் கேட்கவில்லை. பத்து நாளில் பைகளுக்குள் தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டுப் பாவிக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டார். கூடாது. சில பூஞ்சணங்களின் நஞ்சு சமைத்தாலும் போகாது. அவ்வளவையும் கொட்டினோம்.

பாவிக்கும்போதும் கவனம் தேவை. அரைக் கிலோ மீனுக்கு 2 மேசைக்கரண்டி தூள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிரட்டிக் கால் மணிநேரம் வைத்தால் போதும். கூடுதலாக வைத்தால் புளியில் சதை வெளிறிக் குழைந்துவிடும். சூரை, கும்பளா போன்ற மீன்களை வாங்கியதும் சமையுங்கள். வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் உருவாகும் நச்சுப்பொருளைப் பொரித்தாலும் அழிக்க முடியாது. உடம்பு கடித்துத் தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மசாலா வாசம் பழுதை மறைக்குமே தவிர மாற்றாது.

விலை போடும்போதுதான் எங்களுக்குள் வாக்குவாதம். மிளகுக்கும் மஞ்சளுக்கும் பைக்கும் கணக்கு எழுதியிருந்தார்கள். இலை பறித்த, உலர்த்திய, அரைத்த நேரத்துக்கு ஒன்றுமில்லை.

"எங்கட வேலைக்கு நாங்களே காசு போடுறதோ?" என்று சிரித்தார்கள்.

கடையில் வாங்கும் தூளின் விலையில் யாரோ ஒருவரின் கூலியும் இருக்கிறதுதானே என்று கேட்டேன். பேசிப் பேசி, அடுத்த தடவை ஒவ்வொருவரின் மணிநேரத்தையும் கொப்பியில் எழுதினார்கள். ஒரு பையின் விலை கொஞ்சம் கூடியது, ஆனாலும் விற்றது.

இலைக்கு விலை போட மட்டும் ஆச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.