மாறுவேடமும் மனச்சாட்சியும்

பெரியவர்கள் இன்றும் டல்ஹௌஸி சதுக்கம் என்றே அழைக்கும் பகுதியில், ஃபேர்லி பிளேஸ் ரயில்வே அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், செயின்ட் ஜான் தேவாலயம் இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையைக் காண்பதற்காகப் பலர் அங்கே செல்கிறார்கள். நான் செல்வது வேறொரு முகத்தைக் காண்பதற்காக. தேவாலயத்தின் உள்ளே, ஸோஃபனி என்னும் ஓவியர் 1787-ஆம் ஆண்டில் தீட்டிய 'கடைசி விருந்து' என்ற பெரிய படம் இருக்கிறது. ஏசுநாதரின் அன்புச் சீடரான யோவானுக்கு அதில் பெண்மை ததும்பும் அழகிய முகம் அமைந்திருக்கிறது. அந்த முகத்தை ஓவியர் கற்பனையில் படைக்கவில்லை. அக்காலத்துக் கல்கத்தாவில் வாழ்ந்த பிளாக்கியர் என்ற இளைஞரை மாதிரியாக வைத்தே வரைந்தார். அந்த இளைஞர்தாம் பின்னாளில் இந்நகரின் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகப் புகழ் பெற்றவர். மாறுவேடம் புனைந்து கள்வர் நடமாடும் இடங்களிலெல்லாம் சுற்றித் திரிந்தவர் என்று வழிவழியாகப் பேசப்படுபவர்.

முகத்தை மறைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் முகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் காணும்படி ஒரு கோயிலில் மாட்டப்பட்டிருப்பது விந்தைதான். அதன் எதிரே நிற்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு மனிதரின் நினைவு வரும். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கொயந்தாக்கள்

பிளாக்கியர் 1759-இல் பிறந்து 1853-இல் மறைந்தவர். வங்காளியைச் சரளமாகப் பேசியதோடு, சமஸ்கிருதத்திலிருந்து காளிகா புராணத்தின் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்குக் கல்வியும் பெற்றிருந்தார். 1808-ஆம் ஆண்டு வாக்கில் நதியா முதலிய ஜில்லாக்களில் கொள்ளைக் கூட்டங்களை அடக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கூட்டங்கள் தலைவன், ஒற்றன், களவுப் பொருளை வாங்குவோன், புகலிடம் கொடுப்போன் என்று முறையாக அமைந்தவை. ஊரார் பயத்தினால் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே பிளாக்கியர் கூட்டத்துக்குள்ளேயே ஆள் வைத்தார். பழைய கொள்ளைக்காரர்கள் சிலரே அவ்வாறு அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்குக் 'கொயந்தா' என்று பெயர். பாரசீகத்தில் இச்சொல்லுக்குச் 'சொல்பவன்' என்று பொருள். இன்று வங்காளத்தில் துப்பறிபவர் அனைவருக்கும் இதுவே பெயர். நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளி படித்து விரும்பி வாசிக்கும் ஃபெலுதா, பியோம்கேஷ் கதைகளெல்லாம் 'கொயந்தா' கதைகளே.

கொள்ளைகள் குறைந்தன. பிசே டகாயித் என்று வங்க மக்கள் இன்றும் கதையாகப் பேசும் விசுவநாதனும் அந்த 1808-இலேயே பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டான். ஆயினும் ஒரு தீமையை அடக்கப் போய் மற்றொரு தீமை முளைத்தது. தமக்கு ஆகாதவர்களைக் காட்டிக் கொடுப்பது, பணம் தராதவர்களைக் கள்வர் என்று சுட்டுவது என்று கொயந்தாக்களில் பலர் இறங்கிவிட்டார்கள். நிரபராதிகள் சிறையில் வாடினார்கள். மாஜிஸ்திரேட்டுகளிலேயே சிலர் இம்முறையை எதிர்த்து எழுதினார்கள். கள்வனை அறியக் கள்வனை ஏவலாம். ஆனால் ஏவப்பட்டவனைக் கண்காணிப்பது யார்? அன்று எழுந்த இக்கேள்வி உலகில் எங்குமே இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நான்காம் அதிகரணத்தில் ஒரு சுவையான உபாயம் சொல்லப்படுகிறது. ஒற்றர்கள் மந்திரவாதிகளாக வேடமிட்டுத் திருட்டுப் புத்தியுள்ள இளைஞர்களுடன் பழகுவார்கள். தம் மந்திரத்தால் பூட்டிய கதவு திறக்கும், காவலர் உறங்குவர் என்று ஆசை காட்டுவார்கள். முன்னேற்பாடாகச் சொல்லி வைக்கப்பட்ட வீடுகளில் கதவுகள் திறக்கும். காவலர் உறங்குவதுபோல் நடிப்பார்கள். அடையாளமிட்ட பொருளைத் திருடி விற்க முயலும்போது இளைஞர்கள் பிடிபடுவார்கள். திருவள்ளுவரோ ஒற்றாடல் என்ற 59-ஆம் அதிகாரத்தில் ஒற்றனுக்கு மட்டுமன்றி, அவனை ஏவும் அரசனுக்கும் சேர்த்தே விதி வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யலாகாது என்பது அவர் கருத்து. முன்னது நிரபராதிக்குக் காப்பு. பின்னது ஒற்றனுக்குக் காப்பு.

லால்பஜாரின் தாரோகா

1868-இல் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ஒரு பெண் கொலையுண்டு கிடந்ததன் விளைவாக, அவ்வாண்டு நவம்பரில் ஸ்டூவர்ட் ஹாக் என்ற போலீஸ் கமிஷனர் கல்கத்தாவில் துப்பறியும் இலாகாவைத் தொடங்கினார். லண்டனில் ஸி.ஐ.டி. என்ற பிரிவு ஏற்பட்டதே 1878-இல்தான். அதே 1878-இல் இங்கே இலாகாவில் சேர்ந்தவர் பிரியநாத் முகோபாத்தியாயர். 1911 வரை பணியாற்றிய அவர், 1892 முதல் 'தாரோகார் தப்தர்' என்ற தொடரில் தம் வழக்குகளைச் சிறு நூல்களாக எழுதி வெளியிட்டார். அவை இருநூறுக்கு மேற்பட்டவை.

அவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது திரைலோக்கியா என்பவளின் வழக்கு. சோனாகாச்சியில் வாழ்ந்த அவள், நகை பெருகும் என்று ஆசை காட்டி ஐந்து பெண்களை ஒருவர்பின் ஒருவராகக் குளத்துக்கு அழைத்துச் சென்று மூழ்கடித்துக் கொன்றாள். பிறகு ராஜகுமாரி என்ற பெண்ணையும் கொன்று நகைகளை மறைத்துவிட்டாள். ஐயம் அவள்மேல் வலுத்தது, அத்தாட்சியோ கிடைக்கவில்லை. போலீஸ் அதிகாரியிடம் செய்யும் ஒப்புதல் மட்டும் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்த இத்தடை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தினால் ஒரு பொருள் கண்டெடுக்கப்படுமானால் அது செல்லும். ஆகவே பிரியநாதருக்கு நகைகள் தேவைப்பட்டன.

திரைலோக்கியாவுக்கு ஹரி என்ற வளர்ப்பு மகன் இருந்தான். பாவங்களுக்கிடையே அவள் நெஞ்சில் எஞ்சியிருந்த ஒரே ஈரம் அவன்மேல் வைத்த பாசம். பிரியநாதர் ஹரியே கொலைகாரன் என்று நம்புவதுபோல் நடித்து அவனைக் கைது செய்தார். மகன் தூக்கு மேடை ஏறப் போகிறான் என்று நம்பிய தாய், தானே குற்றவாளி என்று கதறி, மறைத்து வைத்த நகைகளை எடுத்துக் கொடுத்தாள். 1884-இல் தூக்கிலிடப்பட்டாள்.

சட்டம் வென்றது. ஆறு உயிர்களைப் பறித்தவளுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆயினும் அவளிடம் இருந்த தீமை அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. எஞ்சியிருந்த நன்மைதான் காட்டிக் கொடுத்தது. இதை எண்ணும்போது மனம் சற்றே கலங்காமல் இருப்பதில்லை. பிரியநாதரும் அதை மறைக்காமல் எழுதி வைத்தது அவர் நேர்மையைக் காட்டுகிறது.

ஆறு ஆண்டுகள்

பிரியநாதர் நடித்தது சில நாட்கள். ஆண்டுக்கணக்காக நடிப்போரின் நிலை என்ன? அமெரிக்காவின் எப்.பி.ஐ. அதிகாரி ஜோசப் பிஸ்டோன், டானி பிராஸ்கோ என்ற பொய்ப் பெயருடன் நகைத் திருடனாக நடித்து 1976 முதல் 1981 வரை நியூயார்க் நகரத்து மாஃபியாக் கூட்டத்தில் வாழ்ந்தார். அவர் சாட்சியத்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் மனைவி மக்களுடன் இருந்த நாட்கள் மிகச் சில. பிற்பாடும் குடும்பம் முழுவதுமே பெயரை மாற்றிக்கொண்டு வாழ நேர்ந்தது. அவரைத் தன் ஆளென்று நம்பிக் கூட்டத்தில் சேர்த்த நெபோலிட்டானோ என்பவனை, அந்தக் குற்றத்துக்காக அவன் கூட்டத்தாரே 1981-இல் கொன்றுவிட்டார்கள்.

நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சியையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்தனக் கடத்தல் வீரப்பன், நடிகர் ராஜ்குமாரை 2000-இல் கடத்தி 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தான். பெரும் படைகளால் நெருங்க முடியாத அவனைச் சில மனிதர்களின் வேடம் நெருங்கியது. கண் சிகிச்சைக்காகக் காட்டை விட்டு வெளிவர அவன் இணங்கும்வரை, அதிரடிப்படையினரின் ஆட்கள் அவன் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதித்தார்கள். 2004 அக்டோபர் 18-ஆம் நாள் இரவு, தருமபுரி ஜில்லா பாப்பாரப்பட்டிக்கு அருகே அவன் ஏறி வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவரும் காவலரே. அவனும் கூட்டாளிகள் மூவரும் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். தலைமை தாங்கிய விஜயகுமார் பிற்காலத்தில் நூலே எழுதினார். அவ்வண்டியை ஓட்டி வந்தவரின் நெஞ்சு அந்தச் சில மைல்களில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாரால் எழுத முடியும்?

இத்தொழிலில் இருப்பவர் குறிப்பேடு வைத்துக்கொள்ள முடியாது. கண்டதும் கேட்டதும் மனத்திலேயே இருக்க வேண்டும். தாம் யார் என்பதை மேலதிகாரி ஒருவரோ இருவரோ மட்டுமே அறிவார்கள். குற்றவாளிகளோடு உண்ண வேண்டும், சிரிக்க வேண்டும்; குற்றத்தைத் தூண்டிவிடலாகாது. வீட்டிலோ, அப்பா எங்கே என்று கேட்கும் குழந்தைக்குத் தாய் பொய் சொல்ல வேண்டும்.

என் விருந்தாளி

இனி நான் சொல்வதாகச் சொன்ன மனிதர். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். வேகன்களை உடைத்துச் சரக்கைக் களவாடும் கூட்டங்கள் வங்காள ரயில்வேக்குப் பழைய நோய். இதற்கென்றே 1966-இல் ரயில்வே சொத்துச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது என்றால் நோயின் கடுமை விளங்கும்.

அங்கே தினக்கூலியாக ஒருவர் வந்து சேர்ந்தார். மண் குவளையில் தேநீர் அருந்தும் நேரத்தில் என்னுடன் பழகினார். தமிழ்ச் சொற்களை ஆசையோடு கேட்டுக் கற்றுக்கொண்டார். பொங்கலன்று வீட்டுக்கு அழைத்தேன். என் தாயார் இலை போட்டுப் பரிமாறினார். "போதும் அம்மா" என்று அவர் தமிழில் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருநாள் அவர், "எந்த வண்டியில் என்ன சரக்கு வருகிறது என்பது முதலில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "எனக்குத்தான்!" என்று பெருமையாகச் சொன்னேன்.

சில வாரங்களுக்குப் பிறகு ஓர் இரவில் பத்துப் பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரும் அவர்களில் இருந்தார். நம் விருந்தாளி மாதக்கணக்காகத் தங்கி உண்டது அவர் குடிசையில்தான். மறுநாள் அந்தத் தொழிலாளியின் மனைவி கைக்குழந்தையுடன் கொட்டகை வாசலில் நின்று, "என் கையால் சோறு தின்றானே!" என்று வங்காளியில் அரற்றியது இன்றும் காதில் ஒலிக்கிறது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி நட்பில் பிறந்ததன்று; நானும் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயராக இருந்திருக்கிறேன். என் வெகுளித்தனமான விடையே ஒருவேளை என்னைக் காப்பாற்றியிருக்கலாம். என் தாயார் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும், "அந்தப் பிள்ளை வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சிறிது வேடம் போட்டேன்.

சென்ற ஆண்டு லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போது, ஒருவர் என் எதிரே வந்து தயங்கி நின்றார். தலை நரைத்திருந்தது. "அம்மா சௌக்கியமா?" என்று தமிழில் கேட்டார். அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆயின என்றேன். அவர் கண்கள் கலங்கின. "அந்தப் பொங்கல் சோறு என் வேலையைச் சேர்ந்ததல்ல, பாபு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தார். அதுவும் நடிப்போ என்று ஒரு கணம் ஐயுற்றேன். பிறகு அந்த ஐயத்துக்காக வெட்கப்பட்டேன்.

இத்தகையோர் இல்லாவிட்டால் நம் சரக்கும் பத்திரமாக வந்து சேராது. நாமும் நிம்மதியாக உறங்க முடியாது. ஆனால் அந்த உறக்கத்துக்கு விலை கொடுப்பவர் பலர். வேடமிட்டவர், அவருக்காகக் காத்திருக்கும் மனைவி மக்கள், அவரை நம்பிச் சோறிட்டவர் ஆகிய அனைவருமே கொடுக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் செய்தியைச் சட்டம் கண்டிப்பாகச் சோதிக்கட்டும். அவர்களைச் சமூகம் கனிவோடு நினைக்கட்டும். வள்ளுவர் சொன்னபடி வெளிப்படையாகச் சிறப்புச் செய்ய முடியாதவர்களுக்கு நாம் செய்யக் கூடியது அவ்வளவே. வரும் பொங்கலுக்கு ஓர் இலை கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.